உள்நுழைந்தவர் யார்? செயலி யாரிடம் கேட்கிறது?

நல்லூரில் ஆசிரிய மாணவர் ஒருவர், தாம் உருவாக்கிய விடுமுறை விண்ணப்ப இணையச் செயலியை என்னிடம் காட்டினார். உள்நுழைந்ததும் உலாவியின் முகவரிப் பட்டையில் அவரது தேசிய அடையாள அட்டை இலக்கம் தெரிந்தது. அதை அழித்து என் இலக்கத்தை இட்டேன். கடவுச்சொல் கேட்காமலே என் விண்ணப்பம் திறந்தது.

"நீ யார்?" என்று உலாவியிடம் கேட்டு, அது சொன்னதை அப்படியே நம்பியதுதான் பிழை.

சரியான முறை வேறு. கடவுச்சொல் பொருந்தியதும் சேவையகம், எவரும் ஊகிக்க முடியாத அமர்வு இலக்கமொன்றை உருவாக்கி, குக்கீயாக உலாவிக்குக் கொடுக்கும். அது யாருக்குரியது என்ற பதிவு சேவையகத்திலேயே இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் பயனர் பெயரை அந்தப் பதிவிலிருந்தே எடுக்க வேண்டும். இத்தகைய அனுமதிக் கட்டுப்பாட்டுக் குறைபாடுகளே ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடம் பெற்றவை.

அடையாள அட்டை இலக்கம் இரகசியமும் அல்ல. பழைய இலக்கம் 80045 எனத் தொடங்கினால், அவர் 1980 பெப்ரவரி 14இல் பிறந்த ஆண். பெண்ணாயின் நாள் எண்ணுடன் 500 கூட்டி 80545 என வரும். ஆகவே பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைப்பது கதவிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

இன்று ஸகாத் பெறுவோர் பட்டியலையும் மத்ரஸாப் பதிவையும் இணையத்தில் ஏற்ற நாம் விரும்புகிறோம். நல்லதே. ஆனால் செயலியை ஏற்குமுன் பள்ளிவாசல் நிர்வாகிகள் செய்துகொடுப்பவரிடம் ஒன்றைக் கேட்கட்டும்: "பெயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" உதவி பெறும் குடும்பத்தின் மானம் நம்மிடமுள்ள அமானிதம்.