பழகிய கைக்கு யார் பொறுப்பு?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓடும் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கும். ஒரு டெஸ்க்டாப், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அடுக்கிவைத்த பில் புத்தகங்கள், கணக்கு பார்க்கும் ஓர் அக்கா. டாலியில் என்ட்ரி போடுவது, இ-வே பில் எடுப்பது, ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்வது எல்லாம் அந்த மேசையில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் புது மெஷின் இறங்கிய அலுவலகங்களில் இப்படி ஒரு பேச்சு தவறாமல் நடக்கும்:

"தம்பி, பிரிண்டர் போடுற எடம் எங்க போச்சு? கன்ட்ரோல் பேனல்ல போனா வேற எங்கேயோ கூட்டிட்டுப் போகுது."

"அதெல்லாம் செட்டிங்ஸ்க்குள்ள வந்துடுச்சுக்கா. பழசும் உள்ளதான் இருக்கு, கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க."

அந்தத் தம்பி சொல்வது சரி. கன்ட்ரோல் பேனலில் இருப்பவற்றைப் படிப்படியாகப் புதிய செட்டிங்ஸுக்குள் கொண்டுவரும் வேலையை மைக்ரோசாஃப்ட் 2012-ல் விண்டோஸ் 8-உடன் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. 2022-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, கன்ட்ரோல் பேனலில் 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' என்பதை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள ஓர் இணைப்பை அழுத்தினால் பழைய விண்டோ மறுபடி வந்து நிற்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு வழி, இரண்டு தோற்றம், இரண்டு விதமான பெயர்கள்.

இதைக் குறையாகச் சொன்னால், பழகினால் சரியாகிவிடும் என்று பதில் வரும். பழக்கம் அவ்வளவு லேசான சமாசாரம் இல்லை. அதன் வலு எவ்வளவு என்று முதலில் உறைக்கவைத்தவை விமானங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் விமானிகளின் தவறு என்று எழுதி மூடப்பட்ட விபத்துகள் ஏராளம். பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அப்படிப்பட்ட 460 தவறுகளை எடுத்து அலசி 1947-ல் ஓர் அறிக்கை தந்தார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி, ஒரு கருவிக்குப் பதிலாக இன்னொன்றை இயக்கியதால் வந்தவை. காரணம் விமானியின் கவனக்குறைவு இல்லை. பி-25 விமானத்தில் இடக்கோடியில் இருப்பது எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடி. சி-47 விமானத்தில் அதே இடத்தில் இருப்பது ப்ரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் பிடி. ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் ஏறினால், நெருக்கடியான நொடியில் கை பழைய இடத்துக்கே போனது. பி-17 விமானத்தில் சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் இறக்கை மடலை இயக்கும் சுவிட்சும் ஒரே உருவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தரையிறங்கிய பிறகு மடலை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கினார்கள். அல்ஃபான்ஸ் சப்பானிஸ் என்ற ஆய்வாளர் ஒரு பிடியின் தலையைச் சக்கர வடிவிலும் மற்றதை ஆப்பு வடிவிலும் செய்யச் சொன்னார். இன்றும் பயணிகள் விமானங்களில் அந்த வடிவங்கள் இருக்கின்றன.

கை ஏன் பழைய இடத்துக்குப் போகிறது? திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை மூளை முழுதாக யோசித்துச் செய்வதில்லை. தொடங்கிவைத்ததும் மிச்சம் தானாக ஓடிவிடும். அதனால்தான் பழகியவருக்கு அவ்வளவு வேகம். வலுவான பழக்கம் ஒன்று, செய்ய நினைத்த வேலையின் குறுக்கே புகுந்து கையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதை உளவியலாளர் டொனால்டு நார்மன் 1981-ல் வகைப்படுத்தி எழுதினார். இப்படி வழுக்குவது பெரும்பாலும் தேர்ந்தவர்கள்தான். புதிதாகக் கற்பவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வதால் இதில் சிக்குவது குறைவு. பதினைந்து வருடம் கணக்கு பார்த்த அக்கா புது மெஷினில் தடுமாறுவதும், நேற்றுச் சேர்ந்த பெண் தடுமாறாததும் வயதின் கோளாறு இல்லை. அக்காவின் திறமைதான் அவர் காலை வாருகிறது.

தடுமாற்றத்தின் விலையையும் கணக்கிடலாம். ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், அவர்களோடு ஆலன் நியூவெல் ஆகியோர் 1980-ல் கணினி வேலையைச் சிறு அசைவுகளாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரம் தந்தார்கள். தேர்ந்த கை ஒரு கீயை அழுத்த 0.2 நொடி. மௌஸைக் குறிக்குக் கொண்டுபோக 1.1 நொடி. கீபோர்டிலிருந்து மௌஸுக்குக் கை மாற 0.4 நொடி. 'இப்போது என்ன செய்ய வேண்டும்' என்று மனம் ஒருமுறை நின்று யோசிக்க 1.35 நொடி. அத்தனை அசைவுகளிலும் விலை கூடியது இந்தக் கடைசி ஒன்றுதான்.

விண்டோஸ் 11-ல் ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பாருங்கள். பழைய பட்டியலில் கட், காப்பி, ரீநேம் எல்லாம் எழுத்தில் இருந்தன, தத்தம் இடத்தில் இருந்தன. புதிய பட்டியலில் அவை ஒரு வரிசைப் படங்களாகச் சுருங்கின. மௌஸ் திரையின் மேற்பாதியில் இருந்தால் அந்த வரிசை பட்டியலின் தலையில் வரும், கீழ்க்கோடியில் இருந்தால் பட்டியலின் காலில் வரும். மௌஸுக்கு அருகில் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் ஒரு பொருள் இருக்கும் இடம் நிலையாக இருந்தால்தான் கை அதை மனப்பாடம் செய்யும். பட்டியலில் இல்லாத பழைய கட்டளை வேண்டுமென்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அந்தப் பழைய பட்டியலே முழுசாக விரிகிறது. ஒரு யோசிப்பும் ஒரு மௌஸ் நகர்த்தலும் கூடுதல், ஏறக்குறைய இரண்டரை நொடி. நாளுக்கு நூறு முறை என்று வைத்துக்கொண்டாலும் நான்கு நிமிடம்தான். நான்கு நிமிடம் பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து மனம் விலகி மெஷினைப் பற்றி யோசிக்கிறதே, அதுதான் பெரிது. இன்வாய்ஸில் ஓர் இலக்கம் மாறிவிழுவது அந்த இடைவெளியில்தான். படங்களுக்குக் கீழே மறுபடி பெயர் எழுத மைக்ரோசாஃப்டுக்கு 2024 வரை ஆனது.

ஸ்டார்ட் பட்டனுக்கு இதைவிட நீண்ட கதை உண்டு. 1995-லிருந்து இடது கீழ்மூலையில் இருந்தது. 2012-ல் விண்டோஸ் 8 அதை எடுத்தேவிட்டது. கூச்சல் எழ, ஒரு வருடத்தில் 8.1-ல் திரும்ப வந்தது. 2021-ல் விண்டோஸ் 11 அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. மேலே சொன்ன அதே ஃபிட்ஸ் 1954-ல் கண்ட விதி இங்கே உதவும். ஒரு குறியைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் பொறுத்தது. திரையின் மூலையைத் தாண்டி மௌஸ் போகாது. அதனால் மூலையில் இருக்கும் பட்டனைக் குறிபார்க்கவே வேண்டாம், மௌஸை அந்தப் பக்கம் தள்ளினால் போதும். நடுவில் வைத்தால் இந்த வசதி போய்விடுகிறது. அதோடு, திறந்திருக்கும் செயலிகள் கூடக் கூட வரிசை நீண்டு ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கமாக நகர்கிறது. காலையில் இருந்த இடத்தில் மதியம் இருக்காது.

வடிவமைப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இன்றைக்குப் புதிதாகக் கணினிக்கு வருபவர் பல வருடம் ஃபோன் பிடித்துவிட்டு வருகிறார். அகலமான மானிட்டரில் இடது மூலை தூரமாகிவிட்டது. ஃபோன், டேப், லேப்டாப் எல்லாம் ஒரே ஒழுங்கில் இருந்தால் ஒன்றில் கற்றது மற்றதிலும் உதவும். இவை அவர்கள் வாதங்கள். சீராக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எதனோடு சீராக என்பதில்தான் சண்டை.

கணினி ஆய்வாளர் ஜொனாதன் க்ரூடின் 1989 அக்டோபரில் எழுதிய ஒரு கட்டுரை இந்த முடிச்சைத் தொட்டது. இடைமுகச் சீர்மைக்கு எதிரான வழக்கு என்ற பொருளில் துணிந்து தலைப்பு வைத்தார். வீட்டில் கத்திகளை எங்கே வைக்கிறோம் என்று கேட்டார். நம் வீட்டை வைத்தே பார்க்கலாம். காய் நறுக்கும் கத்தி அடுப்படியில் இருக்கும். தேங்காய் உரிக்கும் அரிவாள் கொல்லைப்புறத்தில், தாள் வெட்டும் பிளேடு மேசை டிராயரில். எல்லாம் வெட்டும் கருவிதானே என்று ஒரே பெட்டியில் போட்டால் பார்க்கச் சீராக இருக்கும், சமைப்பவருக்குத் தொல்லையாக இருக்கும். செய்யும் வேலையோடு ஒத்துப்போவதுதான் முதல் சீர்மை என்றார் க்ரூடின்.

நம் கணக்கு மேசையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பெங்களூரு டாலி நிறுவனம் 2020 நவம்பரில் இஆர்பி 9 என்ற தன் பழைய பதிப்புக்குப் பதிலாக டாலிபிரைமைக் கொண்டுவந்தது. திரையின் தோற்றம் நன்றாகவே மாறியது. ஆனால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்ற வரிசையில் கை வைக்கவில்லை. கன்ட்ரோல்+ஏ அழுத்தினால் என்ட்ரி சேவ் ஆவதும் மாறவில்லை. நாள் முழுக்க விரல் அழுத்துபவை இவைதான். அங்கேதான் அந்த நிறுவனத்தின் நிதானம் தெரிகிறது. மாற்றியவையும் உண்டு. கிரெடிட் நோட் கன்ட்ரோல்+எஃப்8-லிருந்து ஆல்ட்+எஃப்6-க்குப் போனது. இஆர்பி 9-ல் எஃப்1 என்றால் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது, பிரைமில் எஃப்1 என்றால் ஹெல்ப். 1987-ல் ஐபிஎம் வகுத்த பொது விதிகளிலிருந்து எஃப்1 உதவிக்கான கீயாக உலகெங்கும் பரவியிருக்கிறது. உலகத்தோடு சேர்வதற்காக டாலி தன் சொந்தப் பழக்கத்தை அந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த வழக்கு புதிதில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'க'வை இருமுறை அழுத்தினால் 'க்க' தானே விழும். மொழியின் இயல்பையும் விரலின் வசதியையும் பார்த்துச் செய்த அருமையான அமைப்பு அது. ஆனாலும் தட்டச்சுப் பள்ளியில் படித்து இளநிலை, முதுநிலை தேறியவர்களின் விரல்கள் பழைய தட்டச்சு முறையிலேயே ஓடின. டிடிபி கடைகள் பாமினி எழுத்துருவின் விசைமுறையை விடவில்லை. நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் இதில் எடுத்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் தந்தது. எந்த முறையில் அடித்தாலும் வெளியே வருவது யூனிகோடு. சீர்மை தேவைப்படும் இடம் ஆவணம், அங்கே அது கிடைத்தது. விரல்களைத் தண்டிக்கவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று திருமழிசை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஒரே மெஷினில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. இரண்டுக்கும் முகம் வேறு, மெனு வேறு. ஆனால் கன்ட்ரோல்+எக்ஸ், சி, வி இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்தன. வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970-களில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜெராக்ஸ் பார்க்கில் உருவாக்கினார்கள். எக்ஸ், சி, வி எழுத்துகள் 1983-ல் வந்த ஆப்பிள் லிசா வழியாக நிலைத்தன. தோற்றத்தில் எத்தனையோ மாறியும் நாற்பது வருடமாக யாரும் தொடாத மூன்று கீகள் இவை. பிளஸ் டூ மாணவர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது கூடவே போனது இந்தப் பழக்கம்தான்.

பழக்கத்தைக் கலைக்கும் தவறிலிருந்து கட்டற்ற மென்பொருள் உலகமும் தப்பவில்லை. 2011 ஏப்ரலில் வெளியான க்னோம் 3 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் பழைய டாஸ்க்பாரையும் மெனுவையும் எடுத்துவிட்டது. வேண்டாம் என்றவர்கள் பழைய க்னோமின் நிரலை எடுத்து மேட் என்ற தனி டெஸ்க்டாப்பாகத் தொடர்ந்தார்கள். நிரல் திறந்திருந்ததால் அவர்களால் முடிந்தது. விண்டோஸ் பயன்படுத்துபவருக்கு அந்த வழி இல்லை, நிறுவனம் விட்டுவைத்த தேர்வுகள்தான் உண்டு. விண்டோஸ் 11-ல் அப்படி ஒன்று இருக்கிறது. டாஸ்க்பாரின் மேல் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட் என்ற இடத்தில் லெஃப்ட் என்று மாற்றினால் ஸ்டார்ட் பட்டன் மூலைக்குத் திரும்பிவிடும். மெஷின் போட்டுக்கொடுக்கும் தம்பிகள் இதை முதல் நாளே கேட்டுச் செய்துகொடுக்கலாம். டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டில் வைக்கும் பழைய வசதியையோ விண்டோஸ் 11 வெளிவந்தபோதே எடுத்துவிட்டார்கள்.

2025 மார்ச் மாத பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப் தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இத்தனை லட்சம் மெஷின் வாங்கும் அரசுக்கு, ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று கேட்பதுபோல இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கும் அளவுக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. பதிப்பு மாறும்போது ஏற்கெனவே பயன்படுத்துபவரின் பட்டன்களும் கீகளும் அவர் வைத்திருந்த இடத்திலேயே இருக்குமா? புதிய ஏற்பாடு, பழக்கம் ஏதும் இல்லாமல் புதிதாக வருபவருக்கு மட்டும் முதலில் காட்டப்படுமா? இரண்டையும் டெண்டரில் எழுத்தில் கேட்க வேண்டும்.