படர்தாமரையும் வீட்டு வைத்தியமும்

குழந்தையின் இடுப்பிலோ தொடையிலோ வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, ஓயாமல் அரித்தால், குரும்பலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் "படர்தாமரை" என்று சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் இந்நோய்க்கு "வளையப் புழு" என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஆனால் இதில் புழு ஏதும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம்மவர் இட்ட பெயரே மேல்!

இது ஒருவகைப் பூஞ்சையின் வேலை. ஹங்கேரியில் பிறந்து பாரிஸ் நகரில் மருத்துவராக இருந்த டேவிட் குரூபி என்பவர், தலையில் வரும் இவ்வகை நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்பதை 1840களில் நுண்ணோக்கி கொண்டு விளக்கினார். நம் தோலின் மேற்பரப்பு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இப்பூஞ்சைக்கு உணவு. உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 33 டிகிரிதான். அந்தக் குளிர்ந்த மேற்பரப்பே இதற்கு ஏற்ற இடம். காய்ந்த புல்வெளியில் ஒரு புள்ளியில் வைத்த தீ எப்படிப் பரவும்? நடுவில் அணைந்து, விளிம்பில் எரிந்துகொண்டே வெளிநோக்கி நகரும் அல்லவா? படர்தாமரையின் நடுப்பகுதி தெளிந்து, ஓரம் மட்டும் சிவந்திருப்பதும் அதுபோன்றதே.

இனி, வீட்டு வைத்தியத்திற்கு வருவோம். கிராமங்களில் முதலில் தேடப்படுவது சீமை அகத்தி. வண்டுகொல்லி என்றும் இதைச் சொல்வார்கள். மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்தைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். "சீமை" என்ற அடைமொழியே இது கடல் கடந்து வந்த செடி என்பதைக் காட்டுகிறது. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இலையை அரைத்துப் பூசும் வழக்கம் வெறும் நம்பிக்கை அன்று. இலையில் ஆந்த்ராகுவினோன் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் இலைச்சாறு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட மூலிகைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு வேறு, குழந்தையின் தோல் வேறு. அம்மியில் அரைத்த விழுதில் மருந்துப்பொருள் எவ்வளவு என்பது இலைக்கு இலை மாறும். அந்த விழுது காய்ந்து உதிர்வதற்குள் எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதையும் அளக்க முடியாது. தோலின் மேலடுக்கு முழுவதும் புதிதாக மாறுவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. நாமோ மூன்றாம் நாள் அரிப்பு குறைந்ததும் பூசுவதை நிறுத்திவிடுகிறோம். உள்ளே மிஞ்சிய இழைகள் மீண்டும் படர்கின்றன. மருத்துவர் தரும் களிம்பைக்கூட, தோல் தெளிந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை தடவ வேண்டும் என்பது இதனால்தான்.

மஞ்சள் பூசினால் பெரிய தீங்கில்லை; அதன் நிறம் சிவப்பை மறைத்துவிடுவதால், புண் ஆறுகிறதா பரவுகிறதா என்பது தெரியாமல் போகும். பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவது ஆபத்து. அது குழந்தையின் மென்மையான தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும். மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மருந்தே இல்லாத ஒரு வைத்தியம் உண்டு. அது ஈரத்தை அகற்றுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சீருடையோடு மாலைவரை வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனை எண்ணிப் பாருங்கள். இடுப்புப் பட்டைக்கு அடியில் காற்றோட்டம் இல்லை. எனவே ஆவியாதலும் இல்லை. அரைஞாண் கயிறு இன்னும் மோசம். நூல் இழைகள் தந்துகிக் கவர்ச்சியால் நீரை உறிஞ்சி, நாள் முழுவதும் தோலோடு ஒட்டி வைத்திருக்கின்றன. நோய் ஆறும்வரை கயிற்றைக் கழற்றி வைப்பது நல்லது. குழந்தையின் துண்டு, உள்ளாடைகளைத் தனியாக 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை.

வீட்டு வைத்தியத்தைவிட எனக்குக் கவலை தருவது, கடையில் கேட்டு வாங்கும் "அரிப்புக் களிம்பு". இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அறிகுறிகள். ஸ்டீராய்டு அந்தப் போரைத்தான் நிறுத்துகிறது, எதிரியை அன்று. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை தடையின்றிப் பரவும், வளைய வடிவமும் கலைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 1968இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதற்கு "மாறுவேடப் படர்தாமரை" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். இந்திய அரசு 2018இல் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று பெயரிட்டனர். டெர்பினாஃபின் என்னும் முக்கிய மருந்துக்கு இது பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை.

நோயை உறுதி செய்வதில் எங்கள் இயற்பியலுக்கும் ஒரு பங்குண்டு. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, 365 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிர்களை மட்டும் விடும் கண்ணாடியை 1903இல் அமைத்தார். அந்த விளக்கொளியில் சில பூஞ்சைகள் பற்றிய தலைமுடி பச்சையாக ஒளிர்வதை 1925இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டனர். ஆனால் நம் நாட்டில் உடலில் வரும் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணமான டிரைக்கோஃபைட்டான் இனம் இவ்வாறு ஒளிர்வதில்லை. ஆகவே தோலின் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கெரட்டின் கரைய, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் தெரியும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவர் இதைச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தலையில் முடி கொட்டி வட்டமாகச் சொட்டை விழுந்தால் எந்தப் பூச்சும் போதாது. மயிர்க்காலுக்குள் இருக்கும் பூஞ்சையை மேலே தடவும் மருந்து எட்டாது. அதற்கு மருத்துவர், குழந்தையின் எடையைக் கணக்கிட்டு, சில வாரங்களுக்கு உள்ளே சாப்பிடும் மருந்து தருவார்.