தேன் பெட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல மழைக்காலத்தை யோசிங்க!

போன வருடம் ஆடி மாதம். குழித்துறை பக்கம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த தேன் பெட்டியைத் திறந்தேன். ஒரு தேனீகூட இல்லை. காய்ந்த அடையும், அதைத் தின்றுகொண்டிருந்த மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்களும்தான் மிச்சம். பங்குனியில் அதே பெட்டியிலிருந்து எடுத்த தேனைத்தான் அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார்.

தப்பு எங்களுடையதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தை முதல் பங்குனி வரை ரப்பர் மரங்கள் தளிர்க்கும். இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுத்துவரும் (ஆமாம், பூவிலிருந்து இல்லை!). அந்த ஆசையில் மேல் அறையில் இருந்த தேனோடு, கீழே புழு அறையில் அவை தங்களுக்கென வைத்திருந்ததையும் பிழிந்துவிட்டோம். ஆனி, ஆடி மழையில் அவற்றுக்கு வெளியே உணவு கிடைக்கவில்லை, உள்ளேயும் இல்லை. இந்தியத் தேனீ பட்டினி கிடந்து காத்திருக்காது. ராணியோடு மொத்தமாகக் கிளம்பிவிடும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: மேல் அறைத் தேன் உங்களுக்கு, கீழ் அறைத் தேன் அவற்றுக்கு. மழைக்காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை, சாயங்காலத்தில் பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தால் வேறு கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

மலைத் தேனீயையும் கொம்புத் தேனீயையும் பெட்டியில் வளர்க்க முடியாது. அவை திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை. நமக்கு ஏற்றது, இருட்டில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், சட்டங்களைத் தூக்கிப் பாருங்கள். அறைகளின் அடியில் அரிசி நுனி போல முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது என்று அர்த்தம்.

முடிந்தால் இரண்டு பெட்டியாக வாங்குங்கள். ஒன்றில் ராணி செத்துப்போனால், மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைக்கலாம். வேலைக்காரத் தேனீக்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். ஒற்றைப் பெட்டி வைத்திருந்த எங்களுக்கு அந்த வழியும் இல்லை.

பெட்டியை நிழலில், கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் எறும்பு ஏறிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பார்களா என்றும் விசாரியுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். நான் ஆர்வத்தில் தினமும் திறந்தேன், அதுவும் தொந்தரவுதான். காய்ந்த கதம்பை நாரில் கொஞ்சம் புகை, முகத்துக்கு வலை, அவசரமில்லாத கை. அப்படியும் கொட்டும்! கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கூட்டம் போகலாம். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய், தென்னிந்தியாவில் அனுபவசாலிகளின் பெட்டிகளையே காலி செய்தது.

அடையில் முக்கால்வாசி அறைகளை மெழுகால் மூடிய பிறகு தேன் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் நீர்த்துப் புளித்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாக்கில் தடவாதீர்கள்.

இந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். வெளியே இப்போது மழை. பாகு கலக்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுப்பதில்லை.