மூன்றாம் நாளில் வாடும் சிசு

நல்ல எடையுடன் பிறந்து, இரண்டு நாட்கள் நன்றாகப் பால் அருந்திய குழந்தையொன்று மூன்றாம் நாள் பாலை மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, எழுப்பினாலும் விழிப்பதில்லை, அதன் மூச்சு விரைகிறது. இரத்தத்தில் கிருமி புகுந்திருக்கும் என்று கருதி மருத்துவர் சிகிச்சை தொடங்குகிறார். பெரும்பாலும் அக்கருத்து சரியே. ஆயினும், சில குழந்தைகளின் நோய்க்குக் கிருமி காரணமன்று. அது பிறப்போடு வந்த குறை.

நாம் உண்ணும் உணவு உடலில் படிப்படியாக மாறிச் சக்தியாகவும் தசையாகவும் ஆகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. அது பழுதுற்றால், அடைபட்ட வாய்க்காலில் நீர் தேங்குவது போல, கழிய வேண்டிய பொருள் தேங்கி நஞ்சாகும். இத்தகைய பிறவிப் பிழைகளைப் பற்றி ஆர்ச்சிபால்ட் காரட் என்னும் ஆங்கில மருத்துவர் 1908-ஆம் ஆண்டிலேயே விரிவுரை ஆற்றினார். இன்று இவற்றுள் பல நூறு வகைகள் அறியப்பட்டுள்ளன.

ஓர் உதாரணம் காண்போம். புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதனை யூரியாவாக மாற்ற, அது சிறுநீரில் வெளியேறுகிறது. இதற்குரிய நொதி குறைந்தால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி மூளையை வீங்கச் செய்யும். கருவிலிருக்கும்போது தாயின் உடல் அதனை அகற்றிவிடுவதால் குழந்தை நலமாகவே பிறக்கிறது. ஆகவே, தாயின் பாலையோ பத்தியத்தையோ பழிப்பது தவறு.

அம்மோனியாவின் அளவை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். மருத்துவர்கள் புரதத்தைச் சிறிது காலம் நிறுத்தி, நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்துவர். மருந்தாலோ, இரத்தச் சுத்திகரிப்பாலோ அம்மோனியாவைக் குறைப்பர். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளைக்குக் கேடு.

இங்கேதான் பெற்றோரின் கடமை வருகிறது. இந்நோய்களுள் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரும் நோயின்றியே தாங்கியிருக்கும் பழுதுற்ற மரபணுவால் வருவன. அத்தகைய தம்பதியருக்கு ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவில் மணம் புரிவோரிடம் இவ்வாய்ப்பு கூடும். முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அது பெரிய தடயம். மும்பையிலோ டெல்லியிலோ வாழும் இளந்தம்பதியர் அதனை அறியாதிருக்கலாம். ஊரிலுள்ள பாட்டியார் அறிந்திருப்பார். உடனே தொலைபேசியில் கேளுங்கள். மருத்துவரிடம் எதனையும் கூச்சத்தால் மறையாதீர்கள். "அம்மோனியா பார்த்தீர்களா?" என்று பணிவுடன் வினவுவதிலும் தவறில்லை.

குழந்தை பிழைக்காது போயினும், அதன் இரத்தத்தைச் சேமித்து வைக்கச் சம்மதியுங்கள். அடுத்த கருவைக் குறித்து ஆலோசனை கூற அது உதவும்.

சிகிச்சைக்காக ஊர் திரும்ப வேண்டுவதில்லை. டெல்லி எய்ம்ஸ், மும்பை கே.இ.எம். ஆகிய மருத்துவமனைகள் 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி உயர்சிறப்பு மையங்களாக உள்ளன. அக்கொள்கையில் சேர்ந்த நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற 2022-இல் வழி செய்யப்பட்டது.

குடும்பத்தின் பழைய துயரத்தைச் சொல்வது மானக்கேடன்று; பிறந்த குழந்தைக்கு அதுவே முதல் மருந்தாகலாம்.