செயலிக்கும் பம்புக்கும் ஒரே கணக்கு

கோவையின் பம்புத் தொழிலில் இருப்போர் அனைவருக்கும் பழக்கமான விதி ஒன்று உண்டு. இம்பெல்லர் எனப்படும் சுழல்சக்கரத்தின் வேகத்தைக் கூட்டினால் வெளிவரும் நீர் அதே விகிதத்தில் கூடுகிறது; ஆனால் அதற்குத் தேவையான மின்திறனோ அவ்விகிதத்தை மும்முறை பெருக்கிய அளவுக்கு உயர்கிறது. கிணற்றின் ஆழம் போன்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் பம்பை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது கிடைக்கும் கூடுதல் நீர் 20 விழுக்காடு, கூடுதல் மின்திறன் ஏறத்தாழ 73 விழுக்காடு. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊருக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைக் கணினியின் செயலிக்கும் இதே கணக்கு பொருந்துகிறது என்பதுதான் வியப்பு.

செயலிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், கடிகாரத் துடிப்பு என்னும் மின்குறியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி முன்னேறுகின்றன. உற்பத்தியாளர் விதித்த அளவைத் தாண்டி இத்துடிப்பை விரைவுபடுத்துவதே ஓவர்கிளாக்கிங். அடுத்த தட்டு வருவதற்குள் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தன் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால், வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் மின்னழுத்தத்தையும், அதாவது வோல்டேஜையும், உயர்த்த நேர்கிறது. செயலி உண்ணும் மின்திறன் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைவதால், இரண்டையும் 20 விழுக்காடு உயர்த்தினால் 1.2ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், விடை 1.728. பம்புக்கு வந்த அதே 73 விழுக்காடுதான்.

இந்தக் கணக்கு மிகவும் முக்கியமாகும் இடம் பரவல் கணிப்பு. ஒரு பெரும் அறிவியல் கணக்கைச் சிறு துண்டுகளாக்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியே அனுப்பி, விடைகளைத் திரட்டும் முறை அது. வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடிய ‘ஸெட்டி அட் ஹோம்’ 1999 மே மாதம் தொடங்கி 2020 மார்ச் வரை வேலைத் துண்டுகளை அனுப்பியது. ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ திட்டத்தில் சேர்ந்திருந்த அமெரிக்க, ஜெர்மானிய வீட்டுக் கணினிகள், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் ஒரு துடிப்பு விண்மீனை 2010இல் அடையாளம் காட்டின. இவ்வேலை இரவு பகலாக நடப்பதால், 25 அல்லது 35 வாட்டில் அடங்கும் சிக்கனச் செயலிகளைத் தன்னார்வலர்கள் நாடுவதும், அவற்றின் வேகத்தைச் சற்றே கூட்டிப் பார்க்க விரும்புவதும் இயல்பு.

கூட்டலாமா என்பதற்கு மின்கட்டண அட்டையே விடை சொல்லும். செயலி 25 வாட்டும், தாய்ப்பலகை, நினைவகம் முதலிய மற்ற பாகங்கள் 20 வாட்டும் எடுப்பதாகக் கொண்டால், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 65 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் இது மூன்றில் இரண்டு பங்கு. மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் 20 விழுக்காடு கூட்டினால் 72 யூனிட். மின்னழுத்தத்தையும் அதே அளவு கூட்டினால் 91 யூனிட். முடியும் வேலையோ இரண்டிலும் ஒன்றுதான். முன்பு 65 யூனிட்டில் முடிந்த வேலைக்கு முதல் வழியில் 60 யூனிட்டும், இரண்டாம் வழியில் 76 யூனிட்டும் ஆகின்றன. மற்ற பாகங்களின் செலவு மாறாதிருக்க வேலை மட்டும் பெருகுவதால் முதல் வழி லாபம்; இரண்டாவது வழி வெறும் வேக ஆசை.

மின்னழுத்தம் கூட்டாமல் வேகம் கிடைக்குமா என்றால், சில செயலிகளில் கிடைக்கும். 1998இல் 300 மெகாஹெர்ட்ஸ் என விற்கப்பட்ட இன்டெல் செலரான் 300ஏ, தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் 450இல் ஓடிப் புகழ்பெற்றது. இன்டெலின் இன்றைய 35 வாட் ‘டி’ வரிசைச் செயலிகளில் துடிப்பின் பெருக்கெண் பூட்டப்பட்டிருப்பதோடு, தாய்ப்பலகையின் துடிப்பையும் பெரும்பாலும் அதிகம் உயர்த்த முடியாததால் அவ்வளவு இடமில்லை.

எல்லை மீறியதை எப்படி அறிவது என்பதே கடினமான கேள்வி. அளவு மீறிய மோட்டாரில் காயில் கருகும் வாடை வரும். செயலியோ எந்த அறிகுறியும் காட்டாமல் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல திட்டங்கள் ஒரே துண்டை இரு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. தவறிய விடைக்குச் செலவான மின்சாரம் முழுவதும் வீண். 1996இல் தொடங்கிய பகா எண் தேடல் திட்டத்தின் ‘பிரைம்95’ நிரலில் உள்ள கடுஞ்சோதனை இத்தகைய பிழைகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். வேகம் கூட்டும் எவரும் அதை ஒரு முழுநாளாவது ஓட்டாமல் அறிவியல் வேலைக்குக் கணினியைத் தரக்கூடாது.

அச்சோதனையை எங்கே, எப்போது செய்வது என்பதும் கொங்கு நாட்டில் கவனிக்கத்தக்கது. சோமனூர், பல்லடம், திருப்பூர்ப் பகுதிகளில் தறியிலிருந்தும் பின்னலாடையிலிருந்தும் பறக்கும் பஞ்சு, செயலியின் மேலுள்ள வெப்பவாங்கியின் மெல்லிய தகடுகளுக்கிடையே கம்பளித் துண்டுபோல் படிந்து காற்றை அடைத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்துக் கோவை அறைக்கும், சித்திரை மாத ஈரோட்டு அறைக்கும் உள்ள வேறுபாடு பத்து டிகிரியை எட்டக்கூடும். செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். ஆகவே வெப்பவாங்கியைத் துடைத்துவிட்டு, மார்கழியில் தேறிய கணினியைச் சித்திரையில் மறுபடி சோதியுங்கள். அப்போது ஒரு பிழை காட்டினாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.