வண்டியில் மின் வின்ச்: இழுக்கலாம், தூக்கக் கூடாது

சிங்காநல்லூர், இருகூர் பக்கம் நொய்யல் ஓரத்து நிலத்தில் மழைக்குப் பின் பாரம் ஏற்றிய பிக்கப் புதைந்தால், டிராக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். முன்பக்கம் மின் வின்ச் இருந்தால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியேறும்.

பாரத்துடன் வண்டி 2 டன் என்றால், 3 டன் இழுக்கும் வின்ச் வாங்குங்கள். சேஸிஸில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும்; வெறும் பம்பர் பிய்ந்துவிடும். 12 வோல்ட் வின்ச் முழு இழுப்பில் 300 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். ஹாரன், விளக்கு ஒயரில் இணைத்தால் ஒயர் எரியும். உடன் வரும் தடித்த கேபிளை நேராகப் பேட்டரியில் கொடுத்து, இடையில் கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். இழுக்கும்போது இன்ஜின் ஓடட்டும்.

தென்னையில் கம்பி வடத்தை நேராகச் சுற்றினால் மரம் காயப்படும். அகலமான பெல்ட் போடுங்கள். டிரம்மில் 5 சுற்றாவது மீதி இருக்கட்டும். வடத்தின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டு, ஆட்களை வடத்தின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள். அறுந்த வடம் சாட்டைபோல் வீசி காலையே முறித்துவிடும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடுங்கள்.

இதே வின்ச்சில் போர் மோட்டாரைத் தூக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கிணற்றுக்குள் ஆளை இறக்கவும் வேண்டாம். தொங்கும் பாரத்தைத் தாங்கி நிற்க அதன் பிரேக் செய்யப்பட்டதல்ல. மோட்டார் தூக்குவதற்கென்றே உள்ள வண்டியைக் கூப்பிடுங்கள்.