தண்ணீர் ரயில் நின்றது, ஊர் காலியானது!

குழந்தைகளே! ஓர் ஊர் உருவாக என்னென்ன வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வீடுகள், கடைத்தெரு, பள்ளிக்கூடம், சாலை என்று அடுக்குவீர்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று வேண்டும். அது என்ன என்பதை அமெரிக்கப் பாலைவனத்தில் உள்ள 'ஸ்டீன்ஸ்' என்ற சிற்றூர் நமக்குச் சொல்லித் தரும். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ மாநிலம் இருக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில், அரிசோனா மாநில எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது ஸ்டீன்ஸ். சுற்றிலும் மொட்டை மலைகள், முட்புதர்கள், மணல். ஓர் ஆண்டில் பெய்யும் மழை 30 சென்டிமீட்டர்கூட இருக்காது.

குதிரை வண்டித் தபால்

ரயில் வராத காலம் அது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் எழுதிய கடிதம், மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேருவது பெரும்பாடு. 1858ஆம் ஆண்டு ஜான் பட்டர்ஃபீல்டு என்பவர், அரசின் ஒப்பந்தம் பெற்று ஒரு தபால் வண்டிப் போக்குவரத்தைத் தொடங்கினார். வழியின் நீளம் ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர். 25 நாட்களுக்குள் தபால் போய்ச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. முதல் வண்டி 24 நாட்களுக்குள்ளேயே போய்ச் சேர்ந்து விட்டது!

இது எப்படி முடிந்தது? இரவு பகலாக வண்டி ஓடியது. ஆனால் குதிரைகளால் அப்படி ஓட முடியாதே! அதனால் வழி நெடுகிலும் நிலையங்கள் அமைத்தார்கள். களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு, புதிய குதிரைகளைப் பூட்டிக்கொண்டு வண்டி உடனே கிளம்பிவிடும். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம்தான் 'ஸ்டேஜ்'. அதனால்தான் அந்த வண்டிக்கு 'ஸ்டேஜ்கோச்' என்று பெயர். பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டர் 'ஸ்டேஜ்' என்று சொல்வாரே, அதே சொல்தான்!

கரடுமுரடான பாலைவனப் பகுதியில் கனமான வண்டிகள் சரிப்படவில்லை. அங்கே கித்தான் கூரை போட்ட இலகுவான வண்டிகளைப் பயன்படுத்தினார்கள். குதிரைகளுக்குப் பதிலாகக் கோவேறு கழுதைகளும் இழுத்தன.

அந்த நிலையங்களில் ஒன்று 'ஸ்டீன்ஸ் பீக்' என்ற மலைச் சிகரத்தின் அருகே இருந்தது. ஈனாக் ஸ்டீன் என்ற படை அதிகாரியின் பெயரால் அந்தச் சிகரம் அழைக்கப்பட்டது.

அந்த மலைகள் அப்பாச்சி பழங்குடி மக்களின் தாயகம். எந்த இடுக்கில் ஊற்று இருக்கிறது, எந்த மாதத்தில் அது வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வெளியாட்கள் தங்கள் மண்ணில் நுழைந்ததால் பகை வளர்ந்தது. 1861ஆம் ஆண்டு இரு தரப்புக்கும் கடும் சண்டை மூண்டது. அதே ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரும் தொடங்கியது. தபால் வழியை அரசு வடக்கே மாற்றிவிட்டது. இந்தப் பக்கம் பட்டர்ஃபீல்டின் வண்டிகள் ஓடியது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலமே!

ரயில் வந்தது

1880ஆம் ஆண்டு சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி, மேற்கிலிருந்து பாதை போட்டுக்கொண்டே இந்த இடத்துக்கு வந்தது. கொளுத்தும் வெயிலில் அந்தப் பாதையை அமைத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குதிரை வண்டி வழி அமைத்தவர்கள், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்தார்கள். விலங்குகள் குடிக்க வேண்டுமே! ரயில் பாதை போட்டவர்களோ, ஏற்றம் குறைவான இடம் எது என்று முதலில் பார்த்தார்கள். செங்குத்தான மலையில் ரயில் ஏறாது அல்லவா? அதனால் பழைய வண்டி நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, தாழ்வான ஒரு கணவாய் வழியாகப் பாதை போட்டார்கள். அங்கே பிறந்ததுதான் ஸ்டீன்ஸ் ஊர். ரயிலுக்கு அது நல்ல இடம். மனிதர்களுக்கோ, குடிக்கப் போதுமான தண்ணீர் இல்லாத இடம்!

ஜல்லி உடைத்த ஊர்

தண்ணீர் இல்லாவிட்டாலும் ஊரைச் சுற்றிக் கல் இருந்தது. 1900க்குப் பிறகு ரயில் கம்பெனி அங்கே கல் உடைக்கும் ஆலை ஒன்றை அமைத்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எதற்காக? ரயிலின் பாரத்தை ஜல்லி பரவலாகத் தாங்குகிறது. மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. கூர்மையான கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதால் கட்டைகள் நகராமல் இருக்கின்றன. ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டால் உருண்டு ஓடிவிடும்!

ஆலையில் வேலை கிடைத்ததால் குடும்பங்கள் வந்தன. வீடுகள், கடைகள், தபால் நிலையம் எல்லாம் தோன்றின. குடிக்க, சமைக்க, துவைக்க வேண்டிய தண்ணீர் மட்டும் ரயிலில் வந்தது. தொட்டி வண்டிகளில் தண்ணீர் வந்து இறங்கினால்தான் ஸ்டீன்ஸில் அடுப்பு எரியும்.

கதவு அடைத்த நாள்

இப்படியே பல ஆண்டுகள் ஓடின. 1944ஆம் ஆண்டு ரயில் கம்பெனி கல் ஆலையை மூட முடிவு செய்தது. "இனிமேல் தண்ணீர் அனுப்ப மாட்டோம். வெளியேற விரும்புவோரை ரயிலில் இலவசமாக ஏற்றிச் செல்கிறோம். கையில் எடுத்துச் செல்ல முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம்" என்பதே அதன் அறிவிப்பின் சாரம்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்? பாட்டியின் பெட்டியையா? அம்மாவின் பாத்திரங்களையா? உங்கள் விளையாட்டுச் சாமான்களையா? அந்த ஊர் மக்களும் அப்படித்தான் திகைத்திருப்பார்கள். கட்டிலும் மேசையும் அப்படியே கிடக்க, மக்கள் ரயில் ஏறினார்கள். யாரும் அவர்களை அடித்து விரட்டவில்லை. தண்ணீர் நின்றது, அவ்வளவுதான்!

1964ஆம் ஆண்டு தீ விபத்தில் பல கட்டடங்கள் அழிந்தன. 1980களின் இறுதியில் ஒரு குடும்பம் அந்த இடத்தை வாங்கி, எஞ்சிய கட்டடங்களைச் செப்பனிட்டது. கிடைத்த பழைய பொருள்களைச் சேர்த்து, பார்வையாளர்களுக்குக் காட்டியது. இன்றும் அந்தக் கணவாய் வழியாக ரயில்கள் தடதடவென்று ஓடுகின்றன. நீராவி எஞ்சின்கள் போய் டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. ஆனால் எந்த ரயிலும் ஸ்டீன்ஸில் யாருக்காகவும் நிற்பதில்லை.

குழந்தைகளே! முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிந்துவிட்டது அல்லவா? வேலையும் சாலையும் ஓர் ஊரை வளர்க்கலாம்; அதை உயிரோடு வைத்திருப்பது தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் முழுவதும் வேறொருவர் கையில் இருந்தால், ஊரின் உயிரும் அவர் கையில்தான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து, எந்த ஆற்றிலிருந்து, எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அந்த ஏரியும் ஆறும் கிணறும் இப்போது எப்படி இருக்கின்றன?